ஆண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பு வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெண் அந்துப்பூச்சி விடும் வாசனையை ஆண் தன் உணர்கொம்பால் பிடிக்கிறது. இதைச் சோதனைக்கூடத்தில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. வாசனை தடவிய வடிதாளை ஆண் பட்டுப்பூச்சியின் முன்னால் நீட்டினால் அது சிறகடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும். இல்லையென்றால் உணர்கொம்பைத் தனியாக எடுத்து, இரு முனையிலும் மின்வாய் வைத்து, வாசனைக் காற்றை ஊத வேண்டும். திரையில் ஓர் அலை இறங்கி ஏறும். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் முறை செய்பவர்களில் பலருக்கு இரண்டுமே வராது, அல்லது வரக்கூடாத நேரத்தில் வரும்.

அப்போது கை தானாகப் போகும் இடம் வாசனைக் குப்பி. "போதவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்ப்போம்" என்று தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இந்த வேலையில் நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் வாசனை அதிகமானதால் வந்தவை. குறைவால் வந்தவை மிகச் சில. ஏன் அப்படி என்று புரிந்தால் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் நீங்களே பிரித்துப் பார்க்க முடியும். அதனால் முதலில் கொம்புக்குள் ஒரு பார்வை.

கொம்புக்குள் என்ன நடக்கிறது

பட்டுப்பூச்சியின் பெண் விடும் வாசனைக்குப் பாம்பிகோல் என்று பெயர். ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் பூட்டனான்ட் குழுவினர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் பாடுபட்டு, சுமார் 5,00,000 பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1959-இல் வெளியிட்டார்கள். இப்படி ஒரு பூச்சி தன் இனத்துக்குச் சேதி சொல்ல விடும் பொருளைக் குறிக்கும் பெரோமோன் என்ற சொல்லே அந்த ஆண்டு பிறந்ததுதான். பூட்டனான்டுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1957-இல், டீட்ரிச் ஷ்னைடர் ஆண் பட்டுப்பூச்சியின் கொம்பில் மின்வாய் வைத்து அலையைப் பதிவு செய்துவிட்டார். நாம் இன்று செய்வது அவர் செய்ததேதான், கருவி மட்டும் மாறியிருக்கிறது.

ஆணின் கொம்பு சீப்பு மாதிரி இரு பக்கமும் கிளைவிட்டிருக்கும். ஒரு கொம்பில் ஏறக்குறைய 17,000 நீண்ட உணர்மயிர்கள். ஒவ்வொரு மயிருக்குள்ளும் இரண்டு நரம்பணுக்கள். ஒன்று பாம்பிகோலுக்கு, மற்றது அதன் ஆல்டிஹைடு உறவான பாம்பிகாலுக்கு. ஓர் எழுத்து மாறினால் வேறு பொருள், பெயரிலும் சரி, பூச்சியின் மூளையிலும் சரி. இந்தச் செய்திக்குப் பிறகு திரும்பி வருவேன்.

காற்றில் வரும் மூலக்கூறு மயிரின் மேல் ஒட்டுகிறது. மயிரின் சுவரில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே உள்ளே இறங்குகிறது. உள்ளே இருப்பதோ நீர்மம். பெரோமோன் எண்ணெய்த் தன்மை கொண்டது, தண்ணீரில் கரையாது. அதைச் சுமந்து செல்ல ஒரு புரதம் காத்திருக்கிறது. வோக்ட், ரிடிஃபோர்டு இருவரும் 1981-இல் பாலிஃபீமஸ் என்ற பெரிய அந்துப்பூச்சியில் இந்தப் புரதத்தையும், வேலை முடிந்த பெரோமோனைச் சிதைக்கும் ஒரு நொதியையும் கண்டார்கள். சுமந்து வந்த புரதம் நரம்பணுவின் சவ்வுக்கு அருகே பெரோமோனை விடுகிறது. அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதம் அதைப் பிடிக்கிறது. பட்டுப்பூச்சியில் பாம்பிகோலைப் பிடிக்கும் ஏற்பி 2004-இல் அடையாளம் காணப்பட்டது.

இனி எண்ணிக்கை. கைஸ்லிங், பிரீஸ்னர் இருவரும் 1970-இல் காட்டியது இது: ஒரே ஒரு பாம்பிகோல் மூலக்கூறு பட்டாலே அந்த நரம்பணு ஒரு துடிப்பை அனுப்பிவிடும். வாசனையே இல்லாதபோதும் ஒரு கொம்பின் பாம்பிகோல் நரம்பணுக்கள் எல்லாம் சேர்ந்து நொடிக்கு 1,600 துடிப்புகள் போல் சும்மாவே அனுப்பிக்கொண்டிருக்கும். அதன் மேல் 200 துடிப்புகள் கூடினால் போதும், ஆண் சிறகடிக்கும். 1,600 என்பதன் இயல்பான ஏற்ற இறக்கம் 40 அளவுதான். அதனால் 200 கூடுவதைத் தற்செயல் என்று மூளை எடுத்துக்கொள்ளாது. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி நம் மேசை மேல் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு சொட்டு என்பது வெள்ளம்.

இந்த இரண்டையும், அதாவது ஒரு மூலக்கூறு போதும் என்பதையும் மயிரின் உள்ளே இறங்கியது வெளியேற நேரமாகும் என்பதையும், நினைவில் வைத்துக்கொண்டு அறிகுறிகளுக்குப் போவோம்.

அறிகுறி: பூச்சி சும்மா உட்கார்ந்திருக்கிறது

வாசனை காட்டியும் சிறகு அசையவில்லை.

முதலில் அது ஆண்தானா என்று பாருங்கள். பட்டுப்பூச்சியில் பெண்ணுக்கும் சீப்புக் கொம்பு உண்டு; கொம்பை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம். வயிற்றைப் பாருங்கள். முட்டை நிறைந்த பெண்ணின் வயிறு பருத்திருக்கும், ஆணுடையது ஒல்லி. பெண்ணின் கொம்பு பாம்பிகோலை உணராது. ஆணிடம் பெரோமோனுக்கு இருக்கும் நீண்ட மயிர்களின் இடத்தில் பெண்ணுக்கு இருப்பவை லினலூல், பென்சாயிக் அமிலம் போன்ற வாசனைகளுக்கானவை. கூட்டுப்புழுவாக இருக்கும்போதே பிரித்துவிடுவது இன்னும் நல்லது. வயிற்றுப்பக்கம் எட்டாவது கண்டத்தில் பெருக்கல் குறி போன்ற கோடு தெரிந்தால் பெண். ஒன்பதாவது கண்டத்தில் சிறு புள்ளி மட்டும் இருந்தால் ஆண்.

அப்படிப் பிரித்து வைத்தால் அடுத்த கோளாறும் வராது. ஆணும் பெண்ணும் ஒரே அறையில் கூட்டிலிருந்து வெளிவந்திருந்தால், உங்கள் ஆண் இரவு முழுக்கப் பெரோமோனில் குளித்திருக்கும். பெண் வெளிவந்த சற்று நேரத்திலேயே வயிற்று நுனிச் சுரப்பியைப் பிதுக்கி அழைக்கத் தொடங்கிவிடும். அந்த அறையில் இருந்த ஆணின் நரம்பணுக்கள் மரத்துப்போய்விடும். வேறு அறைக்கு, முடிந்தால் வேறு காற்றோட்டம் உள்ள அறைக்கு மாற்றிச் சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். பல சமயம் இதுவே போதும்.

சரி, ஆண்தான், தனியாகத்தான் இருந்தது. அப்படியும் அசையவில்லையா? வயதைப் பாருங்கள். பட்டுப்பூச்சி வளர்ந்தபின் உண்பதில்லை. இருப்பை எரித்துச் சில நாள் வாழ்கிறது. வெளிவந்த முதல் ஓரிரு நாளில் சோதிப்பது நல்லது. வேறு இனங்களில் நிலைமை தலைகீழாகவும் இருக்கும். வெட்டுப்புழு அந்துப்பூச்சியின் இளம் ஆண், வெளிவந்த உடனே பெண்ணைத் தேடாது. சில நாள் முதிர வேண்டும். அதே இனத்தில் இன்னொன்றும் உண்டு. புணர்ந்து முடித்த ஆண் மறுநாள் இரவு வரை பெரோமோனைக் கண்டுகொள்ளாது. இந்த இரண்டு நேரத்திலும் கொம்பு நன்றாகவே உணர்கிறது. மூளைதான் கேட்க மறுக்கிறது. கொம்பில் மின்வாய் வைத்துப் பார்த்தால் அலை நன்றாக வரும். அலை வந்து, பூச்சி அசையாவிட்டால் பிழை கொம்புக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் நேரம். பெரும்பாலான அந்துப்பூச்சிகள் இரவில் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் பெரோமோனுக்கு இணங்கும். பகல் 11 மணிக்குச் சோதித்துவிட்டு உணரவில்லை என்று எழுதிவைப்பது நியாயமில்லை. விளக்கு நேரத்தைத் தலைகீழாக மாற்றி, ஒரு வாரம் பழக்கி, இருட்டு நேரத்தில் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். பட்டுப்பூச்சி இதில் நமக்கு உதவும். பகல் வெளிச்சத்திலேயே வேலை செய்யும்.

குளிரும் ஒரு காரணம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் காட்டாதீர்கள்.

இவை எல்லாம் சரியென்றால் மட்டும் வாசனைக் குப்பியைச் சந்தேகியுங்கள். அப்போதும் அளவைக் கூட்டுவதற்கு முன் புதுக் கரைசலை எடுத்துப் பாருங்கள். பாம்பிகோல் போன்ற பல பெரோமோன்களில் இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் வடிவம் மாறிவிடும். நிறமற்ற கண்ணாடிக் குப்பியில் சன்னலோரம் ஒரு மாதம் இருந்தது வேறு பொருளாக மாறியிருக்கும்.

அறிகுறி: எதை நீட்டினாலும் சிறகடிக்கிறது

வெறும் வடிதாள், வெறும் கை, எது போனாலும் ஆண் பரபரக்கிறது. இது முந்தையதைவிட மோசமான அறிகுறி. தன்னை மறைத்துக்கொண்டும் வரும். சிறகடிப்பதைப் பார்த்த மகிழ்ச்சியில் சோதனை வெற்றி என்று நினைத்துவிடுவோம். அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் வடிதாளைத்தான் நீட்ட வேண்டும்.

காரணம் எப்போதும் ஒன்றே, மாசு. பெண்ணைத் தொட்ட விரல், கரைசல் சிந்திய மேசை, நேற்று பயன்படுத்திய ரப்பர் குழாய், உங்கள் சட்டையின் கைப்பகுதி. பெரோமோன் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் ஊறிக்கொள்ளும். நாள்கணக்கில் மெல்லக் கசியும்.

ஃபாப்ர் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பெரோமோன் என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இதைப் பார்த்தார். பெண் அந்துப்பூச்சியைக் கண்ணாடி மூடிக்குள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வைத்தார். பறந்து வந்த ஆண்கள் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தையே தேடிப்போய் மொய்த்தன. உங்கள் மேசையிலும் அதுதான் நடக்கிறது. பூச்சி பொய் சொல்லவில்லை. பெண் இருந்த இடத்தைச் சரியாகச் சுட்டுகிறது.

அதனால் பூச்சியையே மாசு காட்டும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ள ஓர் ஆணைச் சுத்தமான காற்றில் அமைதியாக உட்காரவிட்டு, உங்கள் பொருள்களை ஒவ்வொன்றாகக் காற்று வரும் பக்கம் வையுங்கள். குழாய், இடுக்கி, கையுறை, தாள் அடுக்கு என்று ஒவ்வொன்றாக. எதற்குச் சிறகடிக்கிறதோ அதைத் தூக்கி எறியுங்கள். கழுவிப் பார்க்கலாம் என்று ரப்பர் பொருளை வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடியைக் கரைப்பானில் அலசி உயர் வெப்பத்தில் சுட்டு எடுக்கலாம், மற்றவற்றை நம்பாதீர்கள். ஊதுகுழாய்களை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. வடிதாளைத் தயாரிக்கும் இடமும் சோதிக்கும் இடமும் ஒரே மேசையாக இருக்கவே கூடாது.

அறிகுறி: திரையில் கோடு அசையவே இல்லை

இனி மின்பதிவு. ஊதினாலும் கோடு மரக்கட்டை போல் கிடக்கிறது.

கொம்பை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாடி மின்வாய்களின் (உப்புக்கரைசல் நிரப்பிய நுண்குழாய்க்குள் ஒரு வெள்ளிக் கம்பி) நுனிகளையும் ஒரு சொட்டு உப்புக்கரைசலில் தொடவிடுங்கள். கோடு அமைதியாகப் பூச்சியத்துக்கு அருகே நின்றால் கருவி நலம், பிழை கொம்பில். அப்போதும் விநோதமாக இருந்தால் பிழை மின்வாயில். இந்த ஒரு சோதனை மணிக்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும்.

மின்வாயில் பிழை என்றால் பெரும்பாலும் காற்றுக்குமிழ். நுண்குழாயின் நுனிக்கும் வெள்ளிக் கம்பிக்கும் நடுவே மயிரிழை அளவு குமிழ் இருந்தாலும் இணைப்பு அறுந்ததுதான். உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும். கொம்பில் பிழை என்றால் நுனியைப் பாருங்கள். கொம்பின் உறை மெழுகு பூசியது, மின்சாரம் கடத்தாது. நுனிக் கண்டங்கள் சிலவற்றை வெட்டி, வெட்டுவாய் உப்புக்கரைசலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். வெட்டியபின் காயவிட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். மறுபடி ஒரு கண்டம் வெட்டுங்கள்.

அலை வருகிறது, ஆனால் மேல்நோக்கி வருகிறது என்றால் மின்வாய்கள் இடம் மாறிவிட்டன. அடியை ஒப்பீட்டு மின்வாயாக வைத்தால் நுனி எதிர்மறைப் பக்கம் இறங்க வேண்டும். கம்பிகளை மாற்றிச் செருகுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: கோடு நடுங்குகிறது

சீரான, அடர்த்தியான நடுக்கமா? மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. உருப்பெருக்கியின் விளக்கை அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஒரு புள்ளியில் நிலத்தோடு இணையுங்கள். இரண்டு இடத்தில் இணைத்தால் வளையம் உருவாகி நடுக்கம் கூடும்.

சீரற்ற துள்ளலா? அறையில் யாரோ நடக்கிறார்கள், அல்லது காற்றுக்குழாய் கொம்பை ஆட்டுகிறது. கொம்பில் தசை இன்னும் உயிரோடிருந்தாலும் இப்படி வரும். அடிக்கண்டத்தைத் தலையிலேயே விட்டு, அதற்கு மேலே வெட்டினால் இது குறையும்.

அறிகுறி: கோடு சரிந்துகொண்டே போகிறது

அடிக்கோடு நிற்காமல் ஒரு பக்கமாக நகர்ந்தால் இரண்டில் ஒன்று. வெள்ளிக் கம்பியின் குளோரைடு பூச்சு தேய்ந்திருக்கலாம். பளபளவென்று வெள்ளியாகத் தெரிந்தால் பூச்சு போய்விட்டது, சாம்பல் கலந்த ஊதாவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு காய்கிறது. உலர்ந்த காற்று நுண்குழாய் நுனியிலிருந்து நீரை உறிஞ்ச, உப்பு அடர்ந்து, மின்னழுத்தம் நகர்கிறது. காற்றைக் கரி வழியாக வடிகட்டியபின் தண்ணீர் வழியாகக் குமிழவிட்டு அனுப்புங்கள். கரி முதலில், தண்ணீர் பிறகு. மாற்றிப் போட்டால் கரி நனைந்து வாசனையைப் பிடிக்காது.

அறிகுறி: வெறும் காற்றுக்கும் அலை வருகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. ஒன்று மாசு, அதை மேலே பேசிவிட்டோம். இன்னொன்று காற்றின் தள்ளல். ஊதும் கணத்தில் மொத்தக் காற்றோட்டம் திடீரென்று கூடினால் கொம்பு வளைகிறது, அதில் உள்ள தொடு உணர்வு மயிர்களும் பேசுகின்றன.

பிரித்துப் பார்க்க ஓர் உறுதியான வழி சொல்கிறேன். கொம்பின் இடத்தில் உப்புக்கரைசலில் நனைத்த நூலை வைத்து ஊதுங்கள். நூலுக்கு மூக்கு இல்லை. அதிலும் அலை வந்தால் அது முழுக்க இயந்திரக் கோளாறு. காற்று மின்வாயை அசைக்கிறது. நூலில் வராமல் கொம்பில் மட்டும் வந்தால், ஊதும்போது கூடும் காற்றின் அளவுக்கு மறுபக்கம் குறையுமாறு காற்றோட்டத்தை ஈடுசெய்யுங்கள். அதன்பிறகும் வந்தால் மாசு.

கரைப்பானையும் மறக்காதீர்கள். ஹெக்சேன் ஆவியாவதற்கு முன் வடிதாளை ஊதுகுழாய்க்குள் போட்டால் கொம்பு அதற்கும் ஓர் அலை தரும். திறந்து வைத்து முழுக்க உலர்ந்தபின் செருகுங்கள். கரைப்பான் மட்டும் விட்டு உலர்த்திய தாளே உங்கள் உண்மையான வெற்றுச் சோதனை. ஒன்றுமே விடாத தாள் அல்ல.

அறிகுறி: முதல் அலை பெரிது, அடுத்தடுத்து சிறுத்துக்கொண்டே போகிறது

கொம்பு செத்துக்கொண்டிருக்கிறதா, மரத்துப்போகிறதா? பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதலாவதற்கு ஒன்றும் செய்ய முடியாது, இரண்டாவதைச் சரிசெய்யலாம். பிரிக்கும் வழி எளிது. பெரோமோன் அல்லாத ஒரு பொது வாசனையை, இலைப் பச்சை வாசனை தரும் ஹெக்செனால் போன்ற ஒன்றை, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஊதுங்கள். அதன் அலையும் சேர்ந்து சிறுத்தால் கொம்பு வலுவிழக்கிறது. அது அப்படியே நிற்க, பெரோமோனின் அலை மட்டும் சிறுத்தால் பெரோமோன் நரம்பணுக்கள் மரத்துப்போயிருக்கின்றன.

மரத்துப்போவதுதான் வழக்கமான பதில். காரணமும் வழக்கமானதுதான்: அளவு அதிகம், இடைவெளி குறைவு. நரம்பணு சில நொடியில் அமைதியடைந்துவிட்டாலும், கொம்பில் ஒட்டிய பெரோமோன் முழுக்கச் சிதைய நிமிடக்கணக்கு ஆகும். பாலிஃபீமஸ் பூச்சியின் நொதி சுதந்திரமாக மிதக்கும் பெரோமோனில் பாதியைச் சுமார் 15 மில்லிநொடியில் சிதைத்துவிடும் என்று 1985-இல் கணக்கிட்டார்கள். அவ்வளவு வேகமான நொதி இருந்தும் ஏன் நேரமாகிறது? நீங்கள் கொட்டியதில் பெரும்பகுதி மயிரின் மேற்பரப்பில் ஒட்டியும் சுமக்கும் புரதத்துக்குள் பதுங்கியும் இருக்கிறது. நொதிக்கு அது எட்டாது. இயற்கையில் ஆண் சந்திப்பது சொற்ப மூலக்கூறுகளை. அதற்கேற்ற வடிகால்தான் அங்கே உண்டு.

எனவே குறைந்த அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே போங்கள். ஒருபோதும் மேலிருந்து கீழே வராதீர்கள். ஊதுவது அரை நொடி போதும். இரண்டு ஊதலுக்கு நடுவே குறைந்தது ஒரு நிமிடம் விடுங்கள், அளவு கூடக்கூட இடைவெளியும் கூடட்டும். அலை தொடங்கிய உயரத்துக்கு மீண்டு வராமல் தொங்கிக்கொண்டிருந்தால், அது நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டதற்கு அடையாளம். அந்தக் கொம்பை விட்டுவிட்டுப் புதியதை எடுத்து, பத்தில் ஒரு பங்கில் தொடங்குங்கள்.

அறிகுறி: பூச்சி சிறகடிக்கிறது, ஆனால் மின்பதிவில் அலை இல்லை

இதைப் பார்த்துக் கருவியைப் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. கருவி பழுதில்லை. மிகக் குறைந்த அளவில் பூச்சி கருவியைவிடக் கூர்மையானது. மூளை 200 துடிப்புகளை எண்ணிவிடுகிறது. மின்பதிவோ பல்லாயிரம் நரம்பணுக்களின் மின்னழுத்த மாற்றத்தைக் கூட்டித்தான் காட்டும். சிதறலாக 200 அணுக்கள் பேசினால் அது கோட்டின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். மின்பதிவுக்கென அளவைக் கூட்டுவது நியாயமான ஒரே இடம் இதுதான். கூட்டுங்கள், ஆனால் பத்து மடங்கு பத்து மடங்காக, ஒவ்வொரு படியிலும் வெற்றுச் சோதனையோடு.

அறிகுறி: கொம்பு பேசுகிறது, பூச்சி வரவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. ஏனென்றால் இங்கே பிழை தேடும்போதுதான் அந்தப் பூச்சி எவ்வளவு நுட்பமாக வாழ்கிறது என்பது தெரியவரும். அலை அழகாக வருகிறது. காற்றுச்சுரங்கத்தில், அதாவது ஒரு பக்கமிருந்து சீராகக் காற்று வீசும் நீண்ட கூண்டில், விட்டால் ஆண் கிளம்பவில்லை, அல்லது கிளம்பி நடுவழியில் நின்றுவிடுகிறது.

முதலில் கலவையைப் பாருங்கள். பட்டுப்பூச்சிக்குப் பாம்பிகோல் ஒன்றே போதும், ஆனால் அது அரிது. பெரும்பாலான இனங்களுக்கு இரண்டு மூன்று பொருள்கள் சரியான விகிதத்தில் வேண்டும். காய்த்துளைப்பான் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவில் முதன்மைப் பொருள் 97 பங்கு என்றால், துணைப்பொருள் 3 பங்கு. அந்த 3 பங்கை விட்டுவிட்டால் கொம்பின் அலையில் வித்தியாசம் தெரியாது, பூச்சிக்குத் தெரியும். ஐரோப்பிய மக்காச்சோளத் துளைப்பான் இன்னும் வியப்பு. ஒரே இனத்தில் இரண்டு குலங்கள். ஒரே பொருளின் சிஸ், டிரான்ஸ் வடிவங்கள்தான் இரண்டுக்கும் பெரோமோன். ஒரு குலத்துக்கு சிஸ் 97, டிரான்ஸ் 3. மற்றதற்கு சிஸ் 1, டிரான்ஸ் 99. இரு குலத்தின் கொம்பும் இரண்டு வடிவத்தையும் உணரும். உங்கள் பூச்சி எந்தக் குலம் என்று தெரியாமல் கலவை செய்தால் அலை வரும், ஆண் வராது.

அடுத்து, தடுக்கும் பொருள். பட்டுப்பூச்சியின் ஒவ்வொரு மயிரிலும் இரண்டாவது அணு பாம்பிகாலுக்கு என்று சொன்னேன் அல்லவா? பாம்பிகால் கலந்தால் பாம்பிகோலுக்கு வரும் சிறகடிப்பு அடங்கிவிடும். மின்பதிவில் இது தெரியாது, ஏனென்றால் இரண்டு அணுக்களின் மின்னழுத்தமும் ஒரே திசையில் கூடி அலை இன்னும் பெரிதாகத்தான் வரும். அலையின் உயரம் விருப்பத்தைக் காட்டுவதில்லை. எவ்வளவு நரம்பணுக்கள் பேசின என்பதை மட்டும் காட்டுகிறது. என்ன பேசின என்பதை அல்ல.

எந்த அணு பேசுகிறது என்பதுதான் பூச்சிக்கு எல்லாம். 2011-இல் இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் நேராகக் காட்டினார்கள். பட்டுப்பூச்சியின் பாம்பிகோல் அணுவுக்குள், முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் ஏற்பியைப் புகுத்தினார்கள். அந்த ஆண் பட்டுப்பூச்சி வேறு இனத்தின் பெரோமோனுக்குத் தன் பெண்ணைக் கண்டதுபோலவே நடந்துகொண்டது. உங்கள் குப்பியில் சிறு அசுத்தம் இருந்தால், அது தவறான அணுவைத் தட்டினாலே போதும், நடத்தை கெட்டுவிடும். வாங்கிய பெரோமோனின் தூய்மையை, குறிப்பாக வடிவ மாற்றியத்தின் (அதே பொருளின் வேறு வடிவத்தின்) அளவைக் கேட்டுப் பெறுங்கள்.

கலவையும் தூய்மையும் சரி. அப்படியும் ஆண் நடுவழியில் நின்றால் காற்றைப் பாருங்கள். பெரோமோனைச் சீரான மேகமாகச் சுரங்கம் முழுக்கப் பரப்பினால் பறக்கும் அந்துப்பூச்சி முன்னேறாது. அதற்கு வேண்டியது இடைவிட்ட வாசனை: ஒரு நூலிழை வந்து பட வேண்டும், பிறகு சுத்தமான காற்று, மறுபடி ஓர் இழை. இழை பட்டதும் காற்றை எதிர்த்துப் பாய்கிறது. இழை விட்டுப்போனால் இடமும் வலமுமாக வீசித் தேடுகிறது. நடந்து தேடும் பட்டுப்பூச்சியும் அப்படித்தான்: வாசனை பட்டதும் நேராக ஓட்டம், பிறகு வளைந்து வளைந்து, கடைசியில் சுற்றல், ஒவ்வொரு புதுத் துடிப்பும் அதை மறுபடி நேர் ஓட்டத்துக்கு மாற்றும். பட்டுப்பூச்சி சிறகடிப்பதும் வெறும் ஆட்டமில்லை. அந்தச் சிறகடிப்பு காற்றைக் கொம்பின் சீப்புக்குள் இழுக்கிறது. நாய் மோப்பம் பிடிப்பது போல. சிறகு சேதமடைந்த ஆண் அதனால் மோப்பத்திலும் பின்தங்கும். பிடிக்கும்போது சிறகைக் கசக்காதீர்கள்.

பறக்கும் இனம் என்றால் இன்னொன்றும் வேண்டும், கண். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பறக்கும் பூச்சி உடலால் அறிய முடியாது. தன் கீழே தரை எப்படி நகர்கிறது என்று பார்த்துத்தான் கண்டுகொள்கிறது. கென்னடி, மார்ஷ் இருவரும் 1974-இல் சுரங்கத்தின் தரையில் வரிகளை வைத்து, அவற்றை நகர்த்தி, ஆணின் போக்கை மாற்றிக் காட்டினார்கள். உங்கள் சுரங்கத்தின் தரை வெறும் வெள்ளையாக இருந்தால், அல்லது கும்மிருட்டாக இருந்தால், கொம்பு எவ்வளவு நன்றாக உணர்ந்தாலும் ஆணுக்கு வழி தெரியாது. தரையில் கருப்பு வரிகளோ வட்டங்களோ ஒட்டுங்கள், நிலா வெளிச்சம் அளவுக்கு மங்கிய ஒளி வையுங்கள்.

வாசனை மூலத்தையும் சிறிதாக்குங்கள். ஒரு சிறு ரப்பர் அடைப்பான் அல்லது வடிதாள் துண்டு, காற்றோட்டத்தின் நடுவில், பின்னால் எதுவும் தடுக்காமல். மூலத்தின் பின்னால் ஒரு துளி புகை விட்டுப் பாருங்கள். மெல்லிய இழையாக அலைந்தபடி சுரங்கத்தின் மறுமுனை வரை போக வேண்டும். உடனே பரந்து கலைந்தால் காற்று குழம்புகிறது. நுழைவாயிலில் நுண்வலை கட்டி அதை அடக்குங்கள். புகை வெளியேறியபின், ஆணைக் காற்று போய்ச்சேரும் முனையில் சிறு கூண்டில் வைத்து, இடத்துக்குப் பழக சில நிமிடம் அமைதியாக விடுங்கள். கூண்டைத் திறந்ததும் உடனே ஊதாதீர்கள். முதல் இழை வந்து படட்டும். கொம்புகள் முன்னோக்கி விரியும், சிறகு நடுங்கத் தொடங்கும், அப்புறம் அதுவே கிளம்பும்.